நான் தறியாக இருந்த காலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் சில வாரங்கள் நான் விசைத்தறியாக வேலை பார்த்தேன். தறி ஓட்டும் ஆளாக இல்லை, தறியாகவே. பகல் சாப்பாட்டு வேளையில் மட்டும்தான் அந்த வேலை. மற்ற நேரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. இரண்டில் எதில் ஊருக்கு அதிகப் பிரயோசனமாக இருந்தேன் என்று கேட்டால், தறி என்று யோசிக்காமல் சொல்வேன்.

எல்லாம் என் மனைவி படிக்கப் போனதால் வந்தது.

எங்கள் ஊரின் நெசவுத் தெருக்களில் அப்போது வீட்டுக்கு வீடு தறி. ராத்திரி பகல் என்று கிடையாது, ஓடிக்கொண்டே இருக்கும். பெண்கள் தார் சுற்றுவார்கள், அதாவது தறியில் குறுக்கும் மறுக்குமாகப் பாய்கிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டைகளில் நூலைச் சுற்றிக் கொடுப்பார்கள். கைக்குழந்தைக்கு அந்தத் தறிக்கூடத்து உத்திரத்திலேயே ஒரு சேலைத் தொட்டில். நடக்கப் பழகிய பிள்ளை என்றால் இடுப்பில் கயிறு, மறுமுனை தூணில். பஞ்சுத் தூசி பறந்து பறந்து பிள்ளைகளின் புருவமெல்லாம் வெள்ளையாகிவிடும். எட்டு மாதக் குழந்தையைப் பார்த்தால் பென்ஷன் வாங்க வந்தவர் மாதிரி இருக்கும். இருமலும் அந்த வயதுக்கேற்ற இருமலாகத்தான் வரும். எப்போதாவது இரும்பு முனை வைத்த அந்த நாடா தெறித்துப் பறந்தால் அது கட்டிப்போட்ட பிள்ளை, கட்டிப்போடாத பிள்ளை என்று பார்ப்பதில்லை.

இதைக் கண்டு மனசு பொறுக்காத மாதர் சங்கம் ஒன்று, தார் சுற்றும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம் தொடங்க முடிவு செய்தது. நடத்துவதற்கு என் மனைவியைத் தேர்ந்தெடுத்து, பயிற்சிக்கு மதுரைக்கு அனுப்பியது. பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள், ஒரு பிள்ளையைப் பெற்றவள், அந்தப் பிள்ளையோடு சேர்த்து என்னையும் வளர்த்துக்கொண்டிருப்பவள் என்பதெல்லாம் அவள் தகுதிகள்.

செய்தி கேட்டுப் பின்தெருவில் தார் சுற்றும் ஒருத்தி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். அவளுக்கு ஒன்றரை வயதில் ஒரு மகன். இடுப்பில் அவன், வாயில் வெற்றிலை.

“என்ன அண்ணாச்சி, பிள்ள வளக்கதுக்குப் படிக்கப் போறாவளாமே? இதுக்கெல்லாமா பள்ளிக்கூடம் வச்சிருக்காவ?”

“ஆமா, பரீட்சையெல்லாம் உண்டு” என்றேன்.

“பெயிலாப் போனா? பிள்ளயத் திருப்பிக் குடுத்துரணுமோ?”

நான் அதையேதான் முந்தின நாள் வீட்டில் கேட்டு, காப்பித்தண்ணி இல்லாமல் ஆபீஸ் போயிருந்தேன்.

சில மாதம் கழித்து மனைவி திரும்பி வந்தாள். கூடவே கூட்டிப்போயிருந்த எங்கள் இரண்டு வயது மகளும் பயிற்சி பெற்றே திரும்பியிருந்தாள். நான் சாப்பிட உட்கார்ந்தால் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “கழுவு” என்பாள். வீட்டில் பயிற்சி பெறாத ஆள் நான் ஒருவன்தான்.

அங்கே ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைத்துத்தான் குளிப்பாட்டப் பழக்கினார்களாம். சோப்பு கண்ணில் பட்டாலும் அழாத, தலை துவட்டும்போது கடிக்காத, நடுவில் ஒன்றுக்குப் போகாத அப்படியொரு சமத்துக் குழந்தையை நான் கேள்விப்பட்டதே இல்லை. “அந்தப் பொம்மைக்கு அப்பா யாரு? அவரைப் பாக்கணுமே” என்றேன். மனைவி முறைத்தபடி வாய்க்குள் எண்ணினாள். கோபம் வந்தால் பத்து எண்ண வேண்டும் என்பதும் பயிற்சியில் உண்டு.

ஆனால் அவள் சொன்ன விஷயங்கள் எனக்குப் பிடித்துப்போயின. பிடித்துப்போனது என்றால், அவற்றை நானே கண்டுபிடித்த மாதிரி ஊருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். டாக்டரைக் கல்யாணம் பண்ணினால் கம்பவுண்டர் வேலையாவது தெரியாமலா போகும்? பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்டக் கூடாது என்று டீக்கடையில் சொன்னேன். ‘செய்யாதே’ என்று சொல்லாமல் ‘இப்படிச் செய்’ என்று சொல்ல வேண்டும் என்று ஆபீஸில் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் டீ கொண்டுவந்த ஆளிடம், “டீயைக் கொட்டாதே” என்பதற்குப் பதிலாக, “டீயைத் தம்ளருக்குள்ளேயே வச்சுக்கோ அண்ணாச்சி” என்றேன். அவர் தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அன்றைக்கு எனக்கு மட்டும் டீ வரவில்லை.

குழந்தையிடம் பேசும்போது அதன் கண் மட்டத்துக்கு இறங்கிப் பேச வேண்டும் என்பது இன்னொன்று. பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் ஒருவரின் பிள்ளையைப் பார்த்ததும், புளியங்குடி பஸ்ஸுக்கு முன்னால் அப்படியே குத்த வைத்து உட்கார்ந்து பேசத் தொடங்கினேன். கண்டக்டர் இறங்கி ஓடிவந்தார். “அண்ணாச்சி, வாந்தி வருதா? கொஞ்சம் ஒதுங்கி எடுங்க. வண்டிய நவுத்தணும்.”

இப்படி அரைகுறைப் படிப்போடு இருந்த என்னிடம்தான் மனைவி காப்பகத்துக்கு வீடு பார்க்கும் பொறுப்பையும் கொடுத்தாள்.

“பிள்ளைக தூங்குத எடம் அமைதியா இருக்கணும். தூக்கத்துலதான் அதுகளுக்கு மூளை வளருதுன்னு சொன்னாவ.”

“அமைதிதானே? விடு, நான் பாத்துக்கிடுதேன்.”

தேடிப்பிடித்தேன். ஊர்க்கோடியில் ஒரு பழைய வீடு. ஓணான் ஓடினால் சருகுச் சத்தம் கேட்கும், அவ்வளவு அமைதி. தறிச் சத்தம் மருந்துக்கும் கிடையாது. மாதர் சங்கத்தார் வந்து பார்த்துவிட்டு, “சார் நல்ல வீடா புடிச்சிருக்கீங்க” என்றார்கள். இந்தப் பாராட்டை நான் அலுவலகத்தில் ஒரு வாரம் வைத்துச் சாப்பிட்டேன்.

காப்பகம் தொடங்கியது. ஒரே ஒரு நிபந்தனை. பயிற்சி கொடுத்த அம்மாவே மதுரையிலிருந்து வந்து பார்ப்பார். பிள்ளைகள் சாயங்காலம் வரை தங்கினால் காப்பகம் நீடிக்கும், பாதியிலேயே தாய்மார்கள் தூக்கிக்கொண்டு போனால் இழுத்து மூடிவிடுவார்கள். மூடினால் பிள்ளைகள் பழையபடி கயிறும் தூணுமாகத் தறிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

காலை நேரம் அருமையாகப் போனது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். கை கழுவின, கஞ்சி குடித்தன, ஒன்றின் தலைமயிரை ஒன்று பிடித்து இழுத்து நட்பு வளர்த்தன. வினை வந்தது மத்தியானத்தில்தான். பாய் விரித்து, ஜன்னலைச் சாத்தி, மெல்லிய குரலில் பாடி, முதுகில் தட்டி என் மனைவி படித்த படிப்பையெல்லாம் செய்து பார்த்தாள். ஒன்றுகூடத் தூங்கவில்லை. கண் சொருகும், உடனே திடுக்கென்று விழிக்கும், கூரையைப் பார்க்கும், பிறகு ஓவென்று ஒரு அழுகை. ஒன்று ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்துகொள்ளும். பயிற்சிப் பொம்மையின் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

உதவிக்கு நான் சாப்பாட்டு வேளையில் போனேன். நானும் பாடினேன். அதுவரை அழாமல் இருந்த என் சொந்த மகளும் அழுதாள்.

“நீங்க பாடாதீங்க” என்றாள் மனைவி.

“‘பாடாதீங்க’ன்னு சொல்லக் கூடாது. ‘சும்மா இருங்க’ன்னு சொல்லணும்.”

அன்றைக்கு அவள் எத்தனை வரை எண்ணினாள் என்று தெரியவில்லை.

பின்தெரு வெற்றிலைக்காரி மத்தியானம் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். அழுது அழுது அவள் மகன் குரல் கம்மிப்போயிருந்தது.

“டீச்சர், படிச்சவுக நீங்க, சொல்லப்படாது. எங்கிட்ட இருந்தா இந்நேரம் வாயத் தொறந்துக்கிட்டு ஒறங்குவான். இங்கன வந்து பிள்ள கண்ணே உள்ள போயிட்டு. இன்னொரு நாளும் இப்படின்னா நா தறிக்கூடத்துக்கே தூக்கிட்டுப் போயிருதேன். எனக்குத் தூசி பழக்கந்தான், அவனுக்கும் பழக்கந்தான்.”

அவள் போனால் மற்றவர்களும் போவார்கள். அந்தத் தெருவில் அவள் வாய்தான் ரேடியோ.

அன்று சாயங்காலம் மனைவி சாப்பிடவில்லை. படித்ததில் என்ன தப்பு என்று பாடம் பாடமாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். ஓரிடத்தில் நின்றாள். “முதல்ல பிள்ளையப் பாரு, அப்புறம் பாடத்தப் பாருன்னு மதுரை அம்மா ஒருநா சொன்னாவ. நான் இன்னும் பிள்ளையப் பாக்கலியோ?”

“பன்னெண்டு பிள்ளைய பாத்துக்கிட்டுத்தானே இருக்க?”

“இங்க அழுததைத்தான் பாத்திருக்கேன். அங்க தூங்குததைப் பாக்கலியே.”

மறுநாள் விடுமுறை. இரண்டு பேரும் வெற்றிலைக்காரி வேலை பார்க்கும் தறிக்கூடத்துக்குப் போனோம். விடுமுறை எங்களுக்குத்தான், தறிக்கு இல்லை. உள்ளே பேச்சு கேட்காது, வாயசைவுதான். டக்கட டக்கட என்று தரையே அதிர்கிறது. வெற்றிலைக்காரியின் மகன் தொட்டிலில் ஒரு காலைத் தொங்கவிட்டுச் சொர்க்கத்தில் இருந்தான். இன்னும் நாலைந்து தொட்டில்கள், எல்லாவற்றிலும் அதே நிம்மதி.

நான் மனைவியின் காதில் கத்தி விளக்கம் கொடுத்தேன். இது தாயின் வாசனை. தாய் பக்கத்தில் இருப்பதால் பிள்ளைக்குப் பாதுகாப்பு உணர்ச்சி. ஆகையால் ஒவ்வொரு தாயும் ஒரு பழைய சேலையைக் கொடுத்துவிட வேண்டும். நல்ல விளக்கம்தான். இன்னும் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் நானே மதுரைக்குப் பாடம் எடுக்கப் போயிருப்பேன்.

அதற்குள் கரண்ட் போய்விட்டது.

தறியெல்லாம் சொல்லிவைத்த மாதிரி நின்றது. அந்தத் திடீர் அமைதியில், “சேலை!” என்ற என் கத்தல் மட்டும் தனியாகக் கேட்டது. அடுத்த கணம் தொட்டில்கள் எல்லாம் ஒன்றாக அசைந்தன. வெற்றிலைக்காரியின் மகன் விழித்துக் கூரையைப் பார்த்து ஓவென்று தொடங்கினான். பக்கத்துத் தொட்டில், அதற்கடுத்த தொட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு தறிக்கூடம் என்று தெரு முழுக்கப் பிள்ளைகள் அழுதன. தாய் அதே இடத்தில், அதே வாசனையோடுதான் நின்றுகொண்டிருந்தாள்.

“சனியன் புடிச்ச கரண்டு! போனாலே இப்படித்தான்” என்று வெற்றிலைக்காரி மகனைத் தூக்கித் தோளில் போட்டாள். அவளுக்கு இது தினப்படி தொல்லை, அதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?

மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கும் புரிந்துவிட்டது, நான் பிடித்த வீட்டின் பெருமை என்னவென்று. வயிற்றில் இருந்த நாளிலிருந்து தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓணான் ஓடுவது கேட்கிற வீட்டைத் தேடிக் கொடுத்திருக்கிறேன். அவர்களைப் பொறுத்தவரை அமைதி என்றால் ஏதோ கெட்டுப்போய் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

காப்பகத்தைத் தெருவுக்குள் கொண்டுபோனால் மறுபடியும் தூசி. அதனால் தறிச் சத்தத்தை மட்டும் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர முடிவாயிற்று. கொண்டுவரும் பொறுப்பு வீடு பிடித்தவன் தலையில் விழுந்தது. மனைவி ஒரு பழைய மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு கட்டைகளை என் கையில் கொடுத்தாள்.

டக்கட, டக்கட, டக்கட.

முதல் பிள்ளை கொட்டாவி விட்டது. கொஞ்ச நேரத்தில் வெற்றிலைக்காரி மகன் ஒரு காலை என் மடிமேல் போட்டுத் தூங்கிப்போனான். என் மகள் மட்டும் தூங்கவில்லை, அவள் அமைதியான வீட்டில் பிறந்தவள். அப்பா பெட்டியை அடிப்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கை வலித்து நிறுத்தினால் பத்துத் தலைகள் நிமிரும். அடித்தால் சாயும். வாழ்நாளில் என் சொல்லுக்கோ செயலுக்கோ இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

அது தினசரி வேலையாயிற்று. ஆபீஸில் மத்தியானம் எங்கே ஓடுகிறீர் என்று கேட்டார்கள். “தறி ஓட்டப் போறேன்” என்று கித்தாப்பாகச் சொன்னேன். என் வேடிக்கை என்னையே கடித்தது. இரண்டே நாளில் அதிகாரி கூப்பிட்டார்.

“என்ன வே, சொந்தமாத் தறி போட்டிருக்கீராமே? அரசாங்க உத்தியோகத்துல இருந்துக்கிட்டுத் தொழில் பண்ணப்படாதுன்னு தெரியாதா?”

“சார், அது என் தறி இல்ல. நாந்தான் தறி.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார்.

மதுரை அம்மா சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் வந்து நின்றார். அவர் கண்ட காட்சி இது: ஜன்னல் சாத்திய அறை, வரிசையாகத் தூங்கும் பிள்ளைகள், நடுவில் மடித்துக்கட்டிய வேட்டியோடு ஓர் ஆம்பளை கண்ணை மூடிக்கொண்டு பெட்டியை உடைத்துக்கொண்டிருக்கிறான்.

“முதல்ல நிறுத்துங்க!” என்றார். நிறுத்தினேன்.

“இது என்ன?”

“தறிம்மா” என்றாள் மனைவி.

“இவர் யாரு?”

“அதுவும் தறிதாம்மா. எங்க வீட்டுக்காரரு.”

அதற்குள் ஒரு பிள்ளை விழித்து அழ, இன்னொன்று எழ, அறை முழுக்க ஒப்பாரி. மதுரை அம்மா காதைப் பொத்திக்கொண்டு, “தட்டுங்க, தட்டுங்க!” என்றார். தட்டினேன். அடங்கியது. அவர் மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார்.

“இதெல்லாம் நம்ம பாடத்துல எங்கம்மா இருக்கு?”

“நீங்கதாம்மா சொன்னிய. முதல்ல பிள்ளையப் பாரு, அப்புறம் பாடத்தப் பாருன்னு.”

“நானா சொன்னேன்?”

“ஆமாம்மா. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் சொன்னிய. நெறைய பேரு தூங்கிட்டாவ.”

அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகு கறாராகவே சொன்னார்: “சரி, தூங்க வச்சுட்ட. ஆனா இவரு ரிட்டையர் ஆகற வரைக்கும் தட்டிக்கிட்டே இருப்பாரா? நாளைக்கு இவருக்குக் காய்ச்சல் வந்தா காப்பகத்துக்கும் காய்ச்சல். பால்குடி எப்படி மறக்கடிக்கிறோம்? கொஞ்சம் கொஞ்சமா. இதையும் அப்படி மறக்கடி. அடுத்த மாசம் வருவேன். தட்டாம தூங்கினா காப்பகம் நடக்கும். இல்லேன்னா நான் என்ன எழுதிக் கொடுக்கிறது? கணவரை அடுத்த ஊருக்கு மாத்திராதீங்கன்னா?”

மறக்கடிப்பதில் பிள்ளைகளால் தொல்லை வரவில்லை, என்னால்தான் வந்தது. முதல் வாரம் மனைவி பெட்டிமேல் மடித்த போர்வையைப் போட்டாள். சத்தம் அமுங்கியதும் எனக்கு மனசு கேட்கவில்லை. கலைஞனாக வளர்ந்துகொண்டிருந்த நேரம், இடையில் தார் மாற்றுகிற சத்தமெல்லாம் சேர்த்து வாசிக்கப் பழகியிருந்தேன். போர்வைக்குமேல் ஓங்கி அடித்தேன்.

“மெதுவா. யாருக்குத் தூக்கம் வரணும், பிள்ளைக்கா உங்க பேருக்கா?” என்றாள்.

பிறகு கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளங்கையால் தட்டச் சொன்னாள். அப்புறம் விரலால். அப்புறம் விட்டு விட்டு. எந்தப் பிள்ளை எப்போது புரள்கிறது, எது விரல் சூப்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். புரள்கிற பிள்ளையின் பக்கத்தில் மட்டும் போய் உட்கார்ந்து முதுகில் கை வைப்பாள். வெற்றிலைக்காரியின் மகன்தான் கடைசி வரை விடவில்லை. நான் விரலை எடுத்தால் கண்ணைத் திறக்காமலே என் வேட்டியைப் பிடித்து இழுப்பான். நல்ல முதலாளியாக வருவான் என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னபடி மதுரை அம்மா மறுமாதம் வந்தார். அன்று என்னைச் சுவரோரம் உட்கார வைத்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள் மனைவி. பிள்ளைகள் படுத்தன. ஒன்று புரண்டது, ஒன்று கூரையைப் பார்த்தது. என் விரல் தானாகத் தொடையில் தாளம் போட, மனைவி முறைத்தாள். ஒவ்வொன்றாகக் கண் மூடின. வெற்றிலைக்காரியின் மகன் மட்டும் எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தான். மனைவி அவன் முதுகில் கை வைத்தாள். அவன் ஒரு பெருமூச்சு விட்டான், அந்த அம்மாவும் விட்டார். பிறகு அவனும் தூங்கிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் தடதடவென்று வெற்றிலைக்காரி ஓடிவந்தாள். தெருவில் கரண்ட் போய்விட்டது, வேலை இல்லை, மகன் எப்படி அழுகிறானோ என்று பழைய பழக்கத்தில் வந்திருக்கிறாள். வாசல் வரை வந்தும் அழுகைச் சத்தம் கேட்காததில் பதறிப்போனாள்.

“என்ன டீச்சர், ஒரு சத்தத்தையும் காணோம்? எம்பிள்ளைக்கு என்னாச்சு?”

அவள் குரலுக்கு ஜன்னலே அதிர்ந்தது. பிள்ளைகள் அசையவில்லை. குனிந்து மகனைப் பார்த்தாள். மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சைப் பார்த்தாள். அவன் புருவத்தை விரலால் தடவினாள். கறுகறுவென்று புருவம், பஞ்சு இல்லை.

“தறி ஓடாமயா ஒறங்குதான்?” என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அப்ப உமக்கு வேல போச்சா அண்ணாச்சி?”

“வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறியாம்மா?” என்று மதுரை அம்மா மெதுவாகக் கேட்டார்.

“நா எதுக்குத் தூக்குதேன்? கெடக்கட்டும். சாயங்காலமா வாரேன்.” சொன்னாளே தவிர நகரவில்லை. “கரண்டு வார வரைக்கும் நானும் இங்கன சித்த சாஞ்சுக்கிடுதேன் டீச்சர்” என்று மகனுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்தாள். அடுத்த நிமிடம் குறட்டை. எத்தனை மாதத் தூக்கம் பாக்கியோ.

மதுரை அம்மா வெறுந்தரையில் கிடந்த அவளையும் பாயில் கிடந்த பிள்ளைகளையும் பார்த்தார். பிறகு எழுந்து, என் மனைவியின் காதில், ஆனால் எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “காப்பகம் நடக்கட்டும். அடுத்த மாசத்துல பெரிய பாயா ரெண்டு வாங்கிப் போடு.”

மனைவி என்னைப் பார்த்தாள். பாய் வாங்க அப்போதே கிளம்பிவிட்டேன். அடுத்த மாசம் வரை காத்திருந்தால் அந்த அம்மா மனசு மாறினாலும் மாறிவிடும்.